கவனிக்க மறந்த கூலண்ட், கருகிப்போன கியர் ஆயில்

போர்ட் கொச்சிக்குப் பல ஊர்களிலிருந்தும் பயணிகள் வருகிறார்கள். கடற்கரையில் சீன வலைகளைப் பார்க்கிறார்கள். மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்க்கிறார்கள். யூதர் தெருவில் நடக்கிறார்கள். அடுத்து, பலரும் மூணாறு போக விரும்புகிறார்கள். அவர்களை அழைத்துச் செல்வது வாடகைக் கார்.

போர்ட் கொச்சி கடல் மட்டத்தில் இருக்கிறது. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழி 130 கிலோமீட்டருக்கு மேல். நேரியமங்கலம் தாண்டினால் மலைப்பாதை. வண்டி நிறைய ஆட்கள். மேலே பெட்டிகள். உள்ளே ஏ.சி. ஓடுகிறது. வண்டி இரண்டாம் கியரில் ஏறுகிறது. எஞ்சினுக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை.

இந்த வேளையில் இரண்டு திரவங்கள் வண்டியைக் காக்கின்றன. ஒன்று, எஞ்சினைக் குளிர வைக்கும் கூலண்ட். மற்றொன்று, கியர் பாக்ஸில் உள்ள ஆயில். இரண்டும் வண்டிக்குள் மறைந்து இருக்கின்றன. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். உடனே தெரிந்துவிடும். கூலண்டும் கியர் ஆயிலும் கெட்டால் வண்டி உடனே நிற்காது. அதனால்தான் பலர் இவற்றை மறந்து விடுகிறார்கள்.

மறந்தால் என்ன ஆகும்? மலைப்பாதையில் வண்டி நிற்கும். அன்றைய வாடகை போகும். எஞ்சின் பழுதானால் வண்டி பல நாள் ஒர்க் ஷாப்பில் கிடக்கும். வண்டிக் கடனின் தவணை மட்டும் நிற்காது. ஒரு குடும்பத்தின் பிழைப்பே இதில் அடங்கி இருக்கிறது.

கூலண்ட் என்ன செய்கிறது?

எஞ்சினுக்குள் எரிபொருள் எரிகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தைக் கூலண்ட் சுமந்து வெளியேற்ற வேண்டும். வாட்டர் பம்ப் கூலண்டை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சூடான கூலண்ட் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்று பட்டுக் குளிர்கிறது. மீண்டும் எஞ்சினுக்குப் போகிறது. இப்படியே சுற்றிக் கொண்டிருக்கிறது.

கூலண்டில் மூன்று பொருள்கள் உண்டு. ஒன்று தண்ணீர். இரண்டாவது கிளைக்கால் என்னும் இரசாயனம். மூன்றாவது துருவைத் தடுக்கும் மருந்துகள்.

குளிர் நாடுகளில் கூலண்ட் உறைந்து போகாமல் கிளைக்கால் காக்கிறது. கொச்சியில் தண்ணீர் உறைவதில்லை. அப்படியானால் இங்கே கிளைக்கால் எதற்கு? அது கொதிநிலையையும் உயர்த்துகிறது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதித் தண்ணீரும் பாதிக் கிளைக்காலும் கலந்தால் அதைவிட 7 அல்லது 8 டிகிரி கூடுதலாகத்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி நன்றாக இறுகியிருந்தால் உள்ளே அழுத்தம் கூடும். அப்போது 120 டிகிரியைத் தாண்டியும் கூலண்ட் கொதிக்காமல் இருக்கும். எனவே மூடியும் ஒரு முக்கியமான உறுப்பு. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிய மூடி வாங்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா?

பழைய அம்பாசிடர் காரில் பலரும் வெறும் தண்ணீரே ஊற்றினார்கள். வழியில் ஓடை தென்பட்டால் வாளியில் மொண்டு ஊற்றினார்கள். அந்த எஞ்சின் கனமான வார்ப்பிரும்பு. துரு பிடித்தாலும் நெடுநாள் தாங்கியது. அம்பாசிடர் தயாரிப்பு 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. இன்றைய கார்களில் எஞ்சினின் பல பாகங்கள் அலுமினியத்தால் ஆனவை. ரேடியேட்டரும் அலுமினியம். அதன் குழாய்கள் மிக மெல்லியவை. பழைய பழக்கம் புதிய வண்டிக்கு ஒத்து வராது.

போர்ட் கொச்சியைச் சுற்றிக் கடலும் காயலும் இருக்கின்றன. இங்கே பல கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். அந்தக் காலத்தில் ஆலுவாயிலிருந்து பெரியாற்றுத் தண்ணீரைப் படகில் கொண்டு வந்து குடித்தார்கள். குடிக்க உதவாத தண்ணீர் ரேடியேட்டருக்கும் உதவாது. உப்பு அலுமினியத்தை அரிக்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் படிவது போல, குழாய்களில் படியும். வழி அடைபடும்.

கூலண்ட் கலக்க டிஸ்டில்ட் வாட்டர் வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் இதுதான். பெட்ரோல் பங்கிலும் உதிரி பாகக் கடையிலும் கிடைக்கும். வழியில் வேறு எதுவும் கிடைக்காத ஆபத்தில், குடிதண்ணீர் ஊற்றி ஒர்க் ஷாப் வரை போகலாம். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஊர் திரும்பியதும் சரியான கலவையை நிரப்ப வேண்டும்.

அளவு இருந்தால் போதுமா?

"டப்பாவில் கூலண்ட் நிறைய இருக்கிறது. பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?" என்று பலர் கேட்பார்கள். இங்கேதான் தவறு நடக்கிறது.

கூலண்டில் உள்ள துருத் தடுப்பு மருந்து சிறிது சிறிதாகச் செலவாகிறது. அளவு குறையாமலே அதன் குணம் குறைகிறது. நாளானால் கூலண்டில் அமிலம் சேர்கிறது. எந்த உலோகத்தைக் காக்க வேண்டுமோ, அதையே அரிக்கத் தொடங்குகிறது.

வண்டி ஓடாமல் நின்றாலும் இது நடக்கும். 2020-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. சுற்றுலா நின்றது. வாடகைக் கார்கள் மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நின்றன. கிலோமீட்டர் முள் நகரவில்லை. ஆனால் கூலண்டுக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது. எனவே கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. ஆண்டுக் கணக்கும் பார்க்க வேண்டும்.

பழைய வகைக் கூலண்டை ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நெடுநாள் உழைக்கும் வகை ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வரும். உங்கள் வண்டிக்கு எது என்பது வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் என்பவை வெறும் சாயம். ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் உண்டு. வகை மாறிக் கலந்தால் சிலவேளை கூழ் போல் திரண்டு வழியை அடைத்துவிடும்.

பார்ப்பது எப்படி?

எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்ப்பது நல்லது. வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோடுகள் இருக்கும். கூலண்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நல்ல கூலண்ட் தெளிவாக இருக்கும். செங்கல் கரைத்த தண்ணீர் போல இருந்தால் துரு. மேலே எண்ணெய் மிதந்தால் எஞ்சினுக்குள்ளே கசிவு இருக்கலாம். அடிக்கடி அளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஊற்றிக் கொண்டே இருப்பது தீர்வு ஆகாது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வழியில் எஞ்சின் சூடாகி முள் மேலே போனால் என்ன செய்வது? ஏ.சி.யை நிறுத்துங்கள். ஓரமாக வண்டியை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடியைத் திருகியதும் அழுத்தம் குறையும். உள்ளே இருப்பது ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். கண் போகலாம். தோல் வெந்து போகும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. உலோகம் வெடிப்பு விடும்.

முள் ஏறிய பின்னும் "இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவது பெரிய நட்டம். சிலிண்டர் ஹெட் வளைந்து விடும். ஹெட் கேஸ்கட் போய்விடும். சில நூறு ரூபாயில் முடியும் வேலை பல ஆயிரம் ரூபாயில் வந்து நிற்கும்.

பழைய கூலண்டை மாற்றுதல்

நெடுநாள் மாற்றாத கூலண்டை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றினால் மட்டும் போதாது. உள்ளே கழுவ வேண்டும்.

முதலில் ஆறிய எஞ்சினின் அடியில் ஒரு பேசின் வைக்க வேண்டும். ரேடியேட்டரின் கீழ்த் திருகைத் திறந்து பழையதைப் பிடிக்க வேண்டும். பிறகு திருகை மூடித் தண்ணீர் நிரப்பி எஞ்சினை ஓட விட வேண்டும். தெர்மோஸ்டாட் என்னும் கதவு திறந்து, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓட வேண்டும். அப்போதுதான் எஞ்சினுக்குள் உள்ள அழுக்கும் வெளியே வரும். எஞ்சின் ஆறிய பின் அந்தத் தண்ணீரையும் இறக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் வரும் வரை இப்படியே செய்ய வேண்டும். கடைசிக் கழுவல் டிஸ்டில்ட் வாட்டரில் இருக்கட்டும்.

கழுவிய தண்ணீரில் கொஞ்சம் எஞ்சினுக்குள் தங்கியே இருக்கும். எனவே கலவையை வெளியே கலந்து ஊற்றினால் அது நீர்த்துப் போகும். வண்டிக்கு மொத்தம் 4 லிட்டர் வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். முதலில் கலக்காத கூலண்ட் 2 லிட்டர் ஊற்ற வேண்டும். மீதி இடத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்ப வேண்டும். கடையில் வாங்கும்போது டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். சில டப்பாக்களில் தண்ணீர் சேர்த்தே விற்கிறார்கள். அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

நிரப்பிய பிறகு உள்ளே சிக்கிய காற்று வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் டப்பா நிறைந்திருக்கும். ஆனால் எஞ்சின் சூடாகும். காற்றை வெளியேற்றும் முறை வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு, மூன்று நாள் காலையில் அளவைப் பார்த்துக் குறைந்ததை நிரப்ப வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மிகப் பழைய ரேடியேட்டரில் துருவே ஓட்டையை அடைத்திருக்கும். கழுவியதும் ஒழுகத் தொடங்கும். "கழுவியதால் கெட்டது" என்று சிலர் சொல்வார்கள். அது முன்பே கெட்டது. கழுவியதால் தெரிந்தது.

மஞ்சள் தூள் வைத்தியம்

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் வழக்கம் ஓட்டுநர்களிடம் உண்டு. தூள் ஊறிப் பருத்து ஓட்டையை அடைக்கும். மட்டாஞ்சேரி பஜாரில் மஞ்சளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் ரேடியேட்டர் அதற்கு இடம் அல்ல. தூளுக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. நல்ல குழாய்களையும் அடைத்துவிடும். காட்டு வழியில் மாட்டிக் கொண்டவர் ஊர் சேர்வதற்கு ஒரு முறை செய்யலாம். ஊர் சேர்ந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிச் சரி செய்தே ஆக வேண்டும்.

கியர் ஆயில்

கியர் பாக்ஸில் பல் சக்கரங்கள் ஒன்றோடு ஒன்று உரசிச் சுழல்கின்றன. ஆயில் அவற்றுக்கு இடையே மெல்லிய படலமாக நிற்கிறது. தேய்மானத்தைக் குறைக்கிறது. கையால் கியர் மாற்றும் வண்டியில் ஆயிலுக்கு இந்த வேலைதான். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஆயிலுக்கு வேலை அதிகம். அங்கே ஆயிலின் அழுத்தம்தான் கியரை மாற்றுகிறது. பெரும்பாலும் அது சிவப்பு நிறம். கெட்டால் பழுப்பாகி, பிறகு கருக்கும். கருகிய வாசனை வரும்.

இரண்டையும் மாற்றி ஊற்றக் கூடாது. ஆட்டோமேட்டிக்கிலும் பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஆயில். தவறான ஆயில் புதிய கியர் பாக்ஸையும் கெடுத்துவிடும்.

நெடுநாள் கவனிக்காத ஆட்டோமேட்டிக் வண்டியோடு ஒர்க் ஷாப்புக்குப் போனால் பேச்சு இப்படி இருக்கும்.

"அண்ணே, கியர் விழ நேரமாகுது. ஆயில் மாத்தினாச் சரியாகுமா?"

"கடைசியா எப்ப மாத்தினே தம்பி?"

"வாங்குனதிலிருந்து மாத்தலை. வாழ்நாள் முழுக்க மாத்த வேண்டாம்னு சொன்னாங்க."

"யாரோட வாழ்நாள்? உன்னோடதா, ஆயிலோடதா? முதல்ல ஆயிலைப் பார்ப்போம். கறுத்திருந்தாலும் பரவாயில்லை. உள்ளே தகடு தேய்ஞ்சு இரும்புத் தூளா வந்தா, புது ஆயில் அதைத் திருப்பி ஒட்டாது."

மெக்கானிக் சொன்னது உண்மை. புதிய ஆயில் தேய்மானத்தைத் தள்ளிப் போடும். தேய்ந்ததைத் திருப்பித் தராது. கருகிய ஆயிலை இயந்திரத்தால் அழுத்தி ஒரே நாளில் முழுதும் மாற்றினால், படிந்த அழுக்கு கிளம்பி நுண்ணிய வழிகளை அடைக்கலாம். எனவே பல மெக்கானிக்குகள் படிப்படியாகச் செய்கிறார்கள். தானாக வடிகிற ஆயிலை மட்டும் இறக்கி, அதே அளவு புதியதை ஊற்றுகிறார்கள். சில வாரம் ஓட்டிய பின் மீண்டும் அதே போலச் செய்கிறார்கள்.

இறக்கிய ஆயிலை அளந்து பார்ப்பது நல்ல பழக்கம். குறைவாக இருந்தால் ஒழுகல் இருக்கிறது. வடிகால் திருகில் காந்தம் இருக்கும். அதில் மை போல மெல்லிய தூள் இருந்தால் இயல்பு. உலோகத் துண்டு இருந்தால் கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டும் சேரும் இடம்

பல ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் ஆயிலையும் ரேடியேட்டரே குளிர வைக்கிறது. ரேடியேட்டருக்குள் ஒரு சிறு அறை உண்டு. அறைக்குள் ஆயில் ஓடும். வெளியே கூலண்ட் ஓடும். நடுவில் ஒரு மெல்லிய உலோகச் சுவர். கெட்ட கூலண்ட் அந்தச் சுவரை அரித்தால் இரண்டும் கலந்துவிடும். ஆயில் ரோஜாப் பால் போல ஆகும். அந்த நிறம் கண்டால் வண்டியை ஓட்டவே கூடாது. சில கிலோமீட்டரில் கியர் பாக்ஸ் பாழாகும். கூலண்டை மறந்ததற்குக் கியர் பாக்ஸ் விலை கொடுக்கும்.

வெள்ளத்திலும் இப்படி நடக்கும். 2018 ஆகஸ்டு மாதம் பெரியாறு பெருகியது. ஆலுவாய்ப் பகுதியில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. கியர் பாக்ஸ் மூச்சு விட ஒரு சிறு துளை உண்டு. வெள்ளம் அதன் வழியே உள்ளே போகும். ஆயில் பால் போல வெளுக்கும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. கட்டி இழுத்து ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போக வேண்டும். எல்லா ஆயிலையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். பழைய கார் வாங்குபவரும் கியர் ஆயிலின் நிறத்தைப் பார்த்து வாங்குவது நல்லது.

பழையதை எங்கே கொட்டுவது?

பெரும்பாலான கூலண்டில் உள்ளது எத்திலீன் கிளைக்கால். அது நஞ்சு. சுவையோ இனிப்பு. சில மிடறு குடித்தாலே சிறுநீரகம் கெடும். உயிரும் போகும். குழந்தையும் நாயும் பூனையும் இனிப்பு என்று குடித்துவிடும். எனவே பேசினைத் திறந்து வைத்துவிட்டுப் போகக் கூடாது. சோடா பாட்டிலில், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. யாராவது குடித்துவிட்டால் கைவைத்தியம் செய்ய வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கூலண்ட் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.

சாக்கடையிலும் கொட்டக் கூடாது. போர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் சாக்கடை நீர் கால்வாய்க்குப் போகிறது. கால்வாய் காயலுக்குப் போகிறது. அந்தக் காயலில்தான் மீன் பிடிக்கிறார்கள். பழைய ஆயிலையும் கூலண்டையும் தனித்தனி டப்பாவில் அடைத்து ஒர்க் ஷாப்பில் கொடுங்கள். பழைய ஆயிலைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. கலந்துவிட்டால் அங்கே எடுக்க மாட்டார்கள்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம்

போர்ட் கொச்சி எர்ணாகுளம் மாவட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் எர்ணாகுளம். 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று அவ்வாறு அறிவிக்கப்பட்டது. கற்ற எழுத்து வண்டிக்கும் உதவும்.

வண்டியில் ஒரு சிறு நோட்டு வைத்துக் கொள்ளுங்கள். கூலண்ட் மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், வாங்கிய வகை ஆகியவற்றை எழுதுங்கள். கியர் ஆயிலுக்கும் அப்படியே எழுதுங்கள். அடுத்து மாற்ற வேண்டிய தேதியையும் எழுதி அடிக்கோடு இடுங்கள். வண்டி கைமாறினால் நோட்டையும் கொடுங்கள். நினைவு மறக்கும். எழுத்து மறக்காது.

சிந்தித்து விடை கூறுங்கள்

1. கொச்சியில் தண்ணீர் உறைவதில்லை. ஆனாலும் கூலண்ட் ஏன் வேண்டும்?
2. ஓடாமல் நின்ற வண்டிக்கும் கூலண்ட் மாற்ற வேண்டுமா? ஏன்?
3. எஞ்சின் சூடாக இருக்கும்போது செய்யக் கூடாதவை எவை?
4. கியர் ஆயில் பால் போல வெளுத்தால் என்ன நடந்திருக்கும்?
5. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் உள்ள வண்டிக்குக் கடைசியாக எப்போது கூலண்ட் மாற்றினார்கள்? கேட்டு எழுதுங்கள்.